சுப்பீரியர் கரையில் வெட்டிய வாய்க்கால்

இந்த ஆண்டு எங்கேயும் போவதில்லை என்றுதான் இருந்தோம். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் எனக்குத் தெரிந்த எந்தத் தமிழ் வீட்டிலும் இந்தக் கோடையில் பயணம் பற்றி யாரும் பேசவில்லை. குளிர்காலம் முழுக்க, இலங்கையில் போரை நிறுத்தச் சொல்லி ஊர்வலங்கள். பிறகு மே மாதம், போர் முடிந்துவிட்டது என்ற செய்தி. அதன் பிறகு வந்த மூன்று மாதங்களும் எனக்கு ஒரே நீண்ட பிற்பகலாகத்தான் நினைவிருக்கின்றன. வேலைக்குப் போனோம், சமைத்தோம், தோட்டத்துத் தக்காளிக்குத் தண்ணீர் விட்டோம். எல்லாமே அரைத் தூக்கத்தில் செய்தவை.

ஆனாலும் ஆகஸ்ட் நடுப்பகுதியில் நான்கு நாள் விடுப்பு எடுத்து, சுப்பீரியர் ஏரியின் வடகிழக்குக் கரைக்குப் போய்வந்தோம். மொத்தம் 1,874 கிலோமீற்றர். அதே கரைக்குப் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதத் தொடங்கினேன். இடையில் வீட்டுக் கதையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதை எடுத்துவிட்டால் இந்தப் பயணத்தில் மிஞ்சுவது பெற்றோல் செலவு மட்டும்தான்.

என் கணவர் சிறீக்கு ஒரே ஒரு தங்கச்சி. பெயர் மாலா. கணவரை இழந்தவள், ஆறு வயது மகளோடு வன்னியில் இருந்தாள். மார்ச் கடைசியில் ஒரு நிமிடம் பேசினாள். அதன் பிறகு சத்தமே இல்லை. உயிரோடு இருந்தால் முகாம் ஒன்றில் இருப்பாள், யாருடைய தொலைபேசியையாவது இரவல் வாங்கி எங்கள் வீட்டு இலக்கத்துக்கு ஒரு ரிங் விடுவாள் என்பதுதான் எங்களுக்கு இருந்த ஒரே நம்பிக்கை. தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு ரிங்கை எடுக்கவே கூடாது. எடுத்தால் தொலைபேசி தந்தவரின் காசு போய்விடும். விட்டுவிட்டு, விழுந்த இலக்கத்தைப் பார்த்து, நாங்கள்தான் தொலைபேசி அட்டை போட்டுத் திருப்பி எடுக்க வேண்டும். ரொறன்ரோவில் தமிழர் வீடு அத்தனைக்கும் இந்த ஒழுங்கு தெரியும்.

சிறீக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. காலை வேலைதான் செய்வேன் என்று கேட்டு மாற்றிக்கொண்டார். வந்ததும் குளித்துவிட்டு வீட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பார். மடியில் கணினி. அதில் முகாம்களின் படங்கள், வெள்ளைக் கூடாரங்கள் வரிசை வரிசையாக. ஒவ்வொரு படத்தையும் பெருப்பித்து முகம் தேடுவார். யாராவது தெரியாமல் நீண்ட நேரம் தொலைபேசியில் கதைத்தால் முகம் மாறிவிடும். என் அக்காவே எனக்கு எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

யூலை கடைசியில் ஒருநாள் எங்கள் மகள் ஆரணி பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள். அவளுக்குப் பதின்மூன்று வயது.

"அம்மா, ஐ மிஸ் அப்பா."

"அப்பா அங்கைதானே இருக்கிறார்."

"ஐ நோ. ஹீ இஸ் ரைற் தெயர். பட் ஐ மிஸ் ஹிம்."

அன்றைக்கே இடம் தேடத் தொடங்கினேன். நான் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை செய்கிறேன். யாரை எப்போது எந்தக் கதிரையில் இருத்துவது என்பதுதான் என் தொழில். என் கணவரை அந்தக் கதிரையில் இருந்து எழுப்பவும் ஒரு கால அட்டவணைதான் வேண்டும் என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

எனக்கு நிலத்தில் படுக்க முடியாது, முதுகுவலி. ஆரணிக்கோ கூடாரம்தான் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இப்போது ஒரு புது வகை வந்திருக்கிறது, கிளாம்பிங் என்கிறார்கள். பெரிய தடித்த துணிக்கூடாரம், உள்ளே கட்டில், மெத்தை, விளக்கு, சின்ன விறகடுப்பு. வாவா என்ற சிற்றூருக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலையில் இருந்து 9 கிலோமீற்றர் மண் வீதியில் போனால், ஏரிக்கரையில் ஒரு பெண்மணி இப்படி ஐந்து கூடாரங்கள் போட்டு வாடகைக்கு விடுகிறார். இரவுக்கு 110 டொலர், வரி தனி. இணையத்தில் படம் பார்த்தேன். வெள்ளைப் போர்வை, மேசையில் காட்டுப் பூ, திறந்த வாசலுக்கு வெளியே நீலம். இரண்டு இரவுக்குப் பதிவு செய்துவிட்டுத்தான் சிறீயிடம் சொன்னேன்.

"அங்கை கைத்தொலைபேசி வேலை செய்யுமோ?" என்று கேட்டார்.

"செய்யாது. ஆனால் மண் வீதி தொடங்கிற சந்திக் கடையிலை காசு போட்டுக் கதைக்கிற ரெலிபோன் இருக்கு. காலமை ஒன்பதுக்கும் பின்னேரம் அஞ்சுக்கும் போய் எடுக்கலாம்."

"வீட்டிலை ஆர் இருப்பினம்?"

அதற்கும் பதில் வைத்திருந்தேன். எங்கள் நிலக்கீழ் அறையில் செந்தில் என்ற தம்பி வாடகைக்கு இருக்கிறார். மதுரைக்காரர், ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் வேலை. அந்த நான்கு நாளும் மேலே வந்து, தொலைபேசிக்குப் பக்கத்துச் சோபாவில் படுத்துக்கொள்வதாகச் சொன்னார். வியாழனும் வெள்ளியும் வீட்டில் இருந்தே வேலை செய்யவும் அனுமதி கேட்டு வாங்கிவிட்டார். அவருடைய கடமை, ரிங் வந்தால் எடுக்காமல் இலக்கத்தை எழுதி வைப்பது. நாங்கள் ஒன்பதுக்கும் ஐந்துக்கும் எடுத்து அதை வாங்கி, கடைவாசலில் இருந்தே மாலாவுக்கு எடுப்போம். "எங்க ஊர்லயும் மிஸ்டு கால்தாண்ணா, நீங்க கவலைப்படாம போங்க" என்று சிறீயிடம் சொன்னார். சிறீ மூன்று நாள் யோசித்துவிட்டு, ஆரணியின் முகத்துக்காகத்தான் சம்மதித்தார்.

வியாழக்கிழமை காலை 5.10க்கு வெளிக்கிட்டோம். முந்தின நாள் அஜின்கோர்ட்டில் ஐந்து டொலர்த் தொலைபேசி அட்டைகள் ஆறும், மீன் ரோல்ஸ் முப்பதும் வாங்கி வைத்திருந்தேன். 400ஆம் இலக்க நெடுஞ்சாலையால் வடக்கே ஏறி, பரி சவுண்டில் கோப்பி, சட்பரியில் பெற்றோல், பிறகு 17ஆம் நெடுஞ்சாலையால் மேற்கே. பிளைண்ட் ரிவரில் ஒரு பூங்கா மேசையில் இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டோம். சூ செயின்ற் மேரிக்குப் போய்ச் சேரும்போது பிற்பகல் 2.45. முதல் நாள் 702 கிலோமீற்றர். ஒரே நாளில் வாவா வரை போய்விடலாம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள், நம்பாதீர்கள். 79 டொலர் கொடுத்து ஒரு மோட்டலில் படுப்பது உடம்புக்கும் குடும்பத்துக்கும் நல்லது.

அந்த மோட்டல் அறையில்தான் என் அட்டவணை கவிழ்ந்தது. எதற்கும் அட்டையைச் சோதித்துப் பார்ப்போம் என்று அறைத் தொலைபேசியில் இலக்கத்தை அழுத்தினேன். வேலை செய்யவில்லை. இரண்டாவது அட்டை, மூன்றாவது அட்டை, எதுவும் இல்லை. பின்பக்கத்தைத் திருப்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். ரொறன்ரோவுக்குள் இருந்து எடுத்தால் மட்டுமே வேலை செய்யும் மலிவு அட்டை. பத்து வருசமாக அதே அட்டையைத்தான் வாங்குகிறேன். ரொறன்ரோவுக்கு வெளியே இருந்து ஊருக்கு எடுக்க வேண்டி வரும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. வெளியே போய் மூன்று பெற்றோல் நிலையங்களில் கேட்டேன். அங்கே இருந்த அட்டைகளில் இலங்கை இல்லை.

திரும்பி வந்தபோது சிறீ பையின் சிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

"திரும்புவம்," என்றார். "இப்ப வெளிக்கிட்டால் விடியக்குள்ளை வீட்டை நிக்கலாம்."

ஆரணி தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் வானிலை அறிக்கை மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மாலாவுக்காக வந்த அழுகை இல்லை அது. என் மகளுக்காக வந்தது.

"செந்தில் திருப்பி எடுக்கட்டுமே," என்றேன். "அட்டை நம்பரை நான் வாசிச்சுக் குடுக்கிறன். அவர் வீட்டிலை இருந்துதானே எடுக்கப்போறார், வேலை செய்யும்."

"அவளுக்கு அவரைத் தெரியாது. ஆரோ ஆம்பிளை, வேறை தமிழிலை கதைச்சால் பயந்துபோய் வைச்சிடுவாள். அங்கை என்ன நிலைமை எண்டு உமக்குத் தெரியுந்தானே."

தெரியும். முன்பின் தெரியாத குரலுக்கு அங்கே எல்லோரும் பயப்படும் காலம் இது. கடைசியில் நான் செந்திலுக்கு எடுக்க, சிறீயே தொலைபேசியை வாங்கினார். "தம்பி, நீங்கள் முதல் சொல்லவேண்டியது, சின்னண்ணை வீட்டிலை இருந்து கதைக்கிறன் எண்டு. சின்னண்ணை. அவள் மட்டுந்தான் என்னை அப்பிடிக் கூப்பிடுறவள்." செந்தில் அந்தப் பக்கத்தில் நாலைந்து தரம் சொல்லிப் பழகினார். அதன் பிறகு நான் மூன்று அட்டைகளின் இலக்கங்களை, ஒவ்வொன்றும் பத்து இலக்கம், வாசித்துக் கொடுத்தேன். சிறீ பையைத் திறக்கவில்லை. ஆனால் அதை எடுத்துக்கொண்டு காருக்கும் போகவில்லை.

வெள்ளி காலை 8.30க்குப் புறப்பட்டோம். சூ செயின்ற் மேரியில் இருந்து 17ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே திரும்பி முக்கால் மணி நேரத்தில் ஏரி வந்தது. வந்தது என்பதுதான் சரி. ஒரு வளைவில் காடு விலகியது, அவ்வளவுதான், கண்ணாடி முழுக்க நீலம். அக்கரை இல்லை. பிறகு இரண்டு மணி நேரம் அது எங்களோடு கூடவே வந்தது, மரங்களுக்குப் பின்னால் போய் ஒளிவதும் திரும்ப வருவதுமாக. வீதியில் வாகனங்கள் குறைந்துகொண்டே போயின. கைத்தொலைபேசியின் கோடுகளும் ஒவ்வொன்றாகக் குறைந்து, ஒரு மேட்டில் கடைசிக் கோடும் போனது. சிறீ அதைச் சட்டைப் பையில் இருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பையிலேயே வைத்துக்கொண்டார்.

ஓல்ட் வுமன் குடாவில் கட்டாயம் நிறுத்துங்கள். கறுத்த மலை ஒன்று நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. நாங்கள் போனபோது மலையின் பாதிவரை பனிமூட்டம். கீழே வெயில், மேலே ஒன்றும் இல்லை. ஆரணி செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் வைத்து, அடுத்த கணமே கத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். ஆகஸ்டிலும் அந்தத் தண்ணீர் எலும்பைத் தொடும். சிறீ குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பில்லை," என்றார் தனக்குத்தானே. இவ்வளவு பெரிய தண்ணீர் உப்பில்லாமல் இருப்பதை அவரால் நம்ப முடியவில்லை போலும். அங்கே எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. என் குறிப்புப் புத்தகத்தில் அந்த இடத்துக்கு நேரே நேரம் எழுதப்படவில்லை, என் வாழ்நாளில் அப்படி நடந்தது குறைவு.

சந்திக் கடையைக் கடந்து மண் வீதியில் திரும்பி, நண்பகல் 12.20க்கு இடத்துக்குப் போனோம். சொந்தக்காரியின் பெயர் ஐலா. அறுபது வயதுக்கு மேல் இருக்கும், பின்லாந்துக்காரரின் பேத்தி, ஆண்களின் சப்பாத்துப் போட்டிருந்தார். கரடி வரும், சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்க வேண்டாம், எல்லாவற்றையும் இந்த இரும்புப் பெட்டியில் வையுங்கள் என்றார். மீன் ரோல்ஸ் பெட்டியின் மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, இதற்குக் கரடி மட்டுமல்ல நானும் வருவேன் என்றார். இரண்டு கொடுத்தேன்.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு கற்பாதையால் திரும்பினோம். ஐந்து கூடாரங்களும் ஒரே வரிசையில் நின்றன. வெள்ளைத் துணி, ஒரே அளவு, ஒரே உயரம்.

சிறீ நின்றுவிட்டார்.

நான் படத்தில் பார்த்தது கட்டிலையும் போர்வையையும்தான். வெளியில் இருந்து அவை எப்படித் தெரியும் என்று ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. மூன்று மாதமாக என் வீட்டில், என் கண் முன்னால், ஒரு மனிதன் வெள்ளைக் கூடாரங்களின் படங்களையே பெருப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவரை 919 கிலோமீற்றர் ஏற்றிவந்து அதற்கு முன்னால் விட்டிருக்கிறேன்.

"இதுக்கு ஒரு நாளைக்கு நூற்றிப் பத்து டொலரோ?" என்று கேட்டார். கோபமே இல்லாத குரல். அதற்குக் கோபமாகவே கேட்டிருக்கலாம்.

அவர் உள்ளே வரவில்லை. கரையில் ஒரு மரக்கதிரையை இழுத்துப்போட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஐந்து மணிக்குச் சந்திக் கடைக்குப் போனோம். போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம், செந்திலோடு கதைத்தது அரை நிமிடம். ஒன்றும் வரவில்லை அண்ணா என்றார். அன்றைக்கு ஏரிக்கு மேலே வெளிச்சம் ஒன்பது மணி வரைக்கும் இருந்தது. முதலில் மஞ்சள், பிறகு இளஞ்சிவப்பு, பிறகு நிறமே இல்லாத ஒரு பளபளப்பு. நானும் ஆரணியும் கரையில் கூழாங்கற்கள் பொறுக்கினோம். ஒவ்வொன்றும் கையில் எடுக்கும்போது ஈரமாக, ஒரு நிறமாக இருந்தது. காய்ந்ததும் எல்லாம் சாம்பல். அவள் திரும்பத் திரும்ப ஓடிப்போய் அவற்றை நனைத்துக்கொண்டு வந்தாள். படுக்கும் நேரம் சிறீ காருக்குப் போய், முன் கதிரையைச் சரித்துப் படுத்துக்கொண்டார். கூடாரத்துக்குள் மெத்தை நன்றாக இருந்தது. நான் நன்றாகத் தூங்கினேன் என்று எழுதினால் அது பொய்.

சனிக்கிழமை காலை வெள்ளையாக விடிந்தது. பனிமூட்டம் ஏரியையும் கரையையும் சேர்த்து மூடியிருந்தது. கூடாரத்துக்குள் துணி வழியாக வந்த வெளிச்சம் பால் நிறத்தில் இருந்தது, எங்கேயோ அலை மட்டும் மெதுவாகக் கேட்டது. நாங்கள் எங்கே இருக்கிறோம், எந்த மாதம், எந்த வருடம் என்று ஒரு நிமிடம் எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு நிமிடம் மிகவும் சுகமாக இருந்தது. பிறகு காரின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மணி 8.35.

கடைவாசல் தொலைபேசிக்குக் கால் டொலர் நாணயக் குற்றிகளாக ஒரு பை நிறையக் கொண்டுபோயிருந்தேன். முதல் மூன்று நிமிடத்துக்கு 2.75. சிறீ காதில் வைத்தார், நான் மறுபக்கம் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன். ஒன்பது மணிக்கு வருவது நாங்கள்தான் என்று தெரிந்து, ஒரு ரிங் முடியுமுன் செந்தில் எடுத்துவிட்டார்.

"அண்ணா! மாலாக்கா பேசினாங்கண்ணா. நேத்து ராத்திரி எட்டே முக்கால் மணிக்கு ரிங் வந்துச்சு. பாப்பாவும் கூடத்தான் இருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அண்ணா, கேக்குதா?"

நான்தான் கேட்குது, கேட்குது, சொல்லுங்கோ தம்பி என்று கத்தினேன்.

"மொதல்ல பயந்துட்டாங்க. நீங்க சொன்ன மாதிரியே சின்னண்ணை வீட்டிலேருந்துன்னு சொன்னேன். அழுதாங்க. அப்புறம் அண்ணன் எங்கன்னு கேட்டாங்க. எனக்குப் பொய் சொல்ல வரலைக்கா. ஏரிக்கரையில டென்ட்ல தங்கப் போயிருக்காங்கன்னு சொல்லிட்டேன்."

நான் தொலைபேசியை என் பக்கம் இழுத்தேன். "ஐயோ, ரென்ற் எண்டு சொன்னீங்களோ?"

"சொல்லிட்டேன்க்கா. டென்ட்லயான்னு திரும்பக் கேட்டாங்க. அப்புறம் சிரிச்சாங்க."

"சிரிச்சவளோ?" சிறீ கேட்ட முதல் வார்த்தை அது.

"ஆமாண்ணா, சிரிச்சாங்க. காசு குடுத்தா தங்குறாங்கன்னு கேட்டுட்டு இன்னும் சிரிச்சாங்க. அப்புறம் ஒரு விஷயம் கண்டிப்பா உங்ககிட்டச் சொல்லணும்னாங்க. எழுதி வச்சிருக்கேன், இருங்க." காகிதம் சரசரத்தது. "அங்க ரெண்டு நாளா மழையாம். டென்ட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சாம். அதனால நீங்க மறக்காம டென்ட்டைச் சுத்தி வாய்க்கால் வெட்டணுமாம். ஒரு சாண் ஆழம். வெட்டுற மண்ணை டென்ட் பக்கமாத்தான் போடணுமாம், வெளிப்பக்கம் போட்டா தண்ணி தேங்கி உள்ள வந்துருமாம். ரெண்டு தடவை சொன்னாங்கண்ணா. திங்கக்கிழமை காலைல திரும்ப ரிங் விடுவாங்க. நமக்கு ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டரை மணி."

கடைவாசலில் ஐஸ் மூடை வைக்கும் பெட்டி ஒன்று இருந்தது. சிறீ அதன்மேல் இருந்துவிட்டார். மூன்று மாதத்தில் முதல் தடவை அவர் முகத்தை நேராகப் பார்க்க முடிந்தது. கண்ணீர் வழிந்தது, வாய் சிரித்தது, இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நடந்தன. ஆரணி அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, ஷீ லாஃப்ட்? மாமி சிரிச்சவவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

உடனே வீட்டுக்குப் போவோம் என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் நானும் மறுத்திருக்க மாட்டேன்.

"சவள் ஒண்டு வேணும்," என்றார். "வாய்க்கால் வெட்டவேணும்."

இந்த இடத்தில் ஒரு விபரத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கூடாரங்கள் நிலத்தில் இல்லை. இரண்டடி உயரத்துக்குக் கால் நாட்டி, பலகைத் தளம் அடித்து, அதன்மேல் நிற்கின்றன. எவ்வளவு மழை பெய்தாலும் உள்ளே தண்ணீர் வராது. அது சிறீக்கும் நன்றாகத் தெரியும். ஐலாவிடம் போய் ஒரு நீட்டுப்பிடிச் சவள் இரவல் வாங்கிக்கொண்டு வந்து, கூடாரத்தின் பின்பக்க மூலையில் தொடங்கினார். மேலே புல், அதன் கீழே மண், அதன் கீழே கூழாங்கல். பாண் மா பிசைகிற கைகள், மண் புதிது. அரை மணித்தியாலத்தில் சட்டை நனைந்துவிட்டது. சட்டையைக் கழற்றும்போது பைக்குள் இருந்த கைத்தொலைபேசியை எடுத்து ஆரணியிடம் கொடுத்தார். "இதைக் காருக்குள்ளை வைச்சிட்டு வாங்கோ," என்றார். அவள் ஓடிப்போய் வைத்துவிட்டு வந்து, வெட்டின மண்ணை இரண்டு கையாலும் அள்ளிக் கூடாரத்துப் பக்கம் போட்டாள். நான் ஒரு சாண் சரியா என்று கையை விரித்து விரித்து அளந்தேன்.

ஐலா வந்து நின்றார். நிலத்தைக் கிண்டக்கூடாது என்று வாசல் பலகையிலேயே எழுதியிருக்கிறது. நான் அவரைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டுபோய், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். மாலாவை, மார்ச் மாதத்தை, செந்திலை, மழையை. அவர் சிறீயையே பார்த்துக்கொண்டு கேட்டார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. புல்லைக் கட்டியாக வெட்டி நிழலில் வைக்கச் சொல்லுங்கள், போகும்போது திரும்பப் பதிக்கலாம், என்றார். பிறகு ஏரிப் பக்கம் கையைக் காட்டி, கடைசியில் அந்தச் சரிவுக்கு வெட்டிவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தண்ணீருக்குப் போக வழி இல்லை, என்றார். அது எங்கள் மூவருக்கும் தோன்றவே இல்லை.

பிற்பகல் 2.15க்கு முடிந்தது. மதியம் சாப்பிட்ட மீன் ரோல்ஸ்தான் இந்த வருடத்தில் நான் ருசித்துச் சாப்பிட்ட முதல் சாப்பாடு. பின்னேரம் ஐந்து மணிக்குக் கடைக்குப் போகவில்லை. நாலரைக்கே வானம் இருண்டு, ஏரிக்கு மேலே இருந்து மழை நடந்து வந்தது. முதலில் தூரத்துத் தண்ணீர் சாம்பலானது, பிறகு பக்கத்துத் தண்ணீர், பிறகு துணிக்கூரையில் சத்தம். நாங்கள் மூவரும் கூடாரத்து வாசலில் இருந்து வாய்க்காலைப் பார்த்தோம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு மெல்லிய தண்ணீர் மூலையால் திரும்பி வந்தது. ஒரு காய்ந்த இலையைத் தூக்கிக்கொண்டு, கூடாரத்தைச் சுற்றி, சரிவால் இறங்கி ஏரிக்குப் போனது. அதற்குப் பின்னால் இன்னொரு இலை. சிறீ சிறுபிள்ளை மாதிரி, "ஓடுது, ஓடுது," என்றார். எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தோமோ தெரியாது. மழையும் ஏரியும் வானமும் ஒரே நிறமாகிவிட்டன. அன்றிரவு அவர் கூடாரத்துக்குள், கட்டிலில், குறட்டை விட்டுத் தூங்கினார். அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க எனக்கு ஆசையாக இருந்தது.

இனி, போக நினைப்பவர்களுக்கு. பெற்றோல் மொத்தம் 186 டொலர் முடிந்தது. வடக்கே போகப் போக விலை கூடும், சூ செயின்ற் மேரியில் நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். தங்குமிடம் மூன்று இரவுக்கும் வரி இல்லாமல் 299. சாப்பாடு வீட்டில் இருந்து கொண்டுபோனது. பொரிக்கிற வேலையை வீட்டிலேயே முடித்துவிடுங்கள், கரடிக்கு எங்கள் கறித்தூள் வாசம் பிடிக்குமா பிடிக்காதா என்று சோதித்துப் பார்க்க வேண்டாம். ஆகஸ்டிலும் கம்பளிச் சட்டை வேண்டும். கூழாங்கற்கரையில் நடக்கத் தடித்த அடியுள்ள செருப்பு வேண்டும். தொலைபேசி அட்டையின் பின்பக்கத்தை வீட்டில் வைத்தே வாசியுங்கள். கூடாரம் பதிவு செய்யும்போது உள்ளே எடுத்த படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பதியாதீர்கள். யாரைக் கூட்டிக்கொண்டு போகிறீர்களோ, அவருடைய கண்ணால் வெளியில் இருந்தும் ஒருமுறை பாருங்கள். நான் செய்த பிழை அதுதான், அது நல்லபடியாக முடிந்தது என் கெட்டித்தனத்தால் அல்ல. வாய்க்கால் தேவையே இல்லை. வெட்டினால் மூடிவிட்டு வாருங்கள். நாங்கள் ஞாயிறு காலை ஆறு மணிக்கு எழும்பி, மண்ணைத் தள்ளி, புல் கட்டிகளைப் பதித்து, ஆரணி மிதித்துச் சமப்படுத்தி, ஐலா வந்து பார்த்துத் தலையாட்டின பிறகு 7.15க்குப் புறப்பட்டோம்.

வெக்ஸ்போர்ட் வீட்டுக்கு வந்து சேர்ந்தது இரவு 7.50க்கு. செந்தில் தேநீர் போட்டு வைத்திருந்தார். கை கழுவினோம், ஆனால் சிறீயின் நகத்துக்குள் அந்த மண் அப்படியே இருந்தது. 8.34க்கு ரிங் வந்தது. ஒன்று. நான்கு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம், யாரும் எடுக்கவில்லை. அது நின்றதும் சிறீ அட்டையின் இலக்கத்தை அழுத்தினார். இரண்டு தரம் பிழைத்து, மூன்றாம் தரம் சரிவந்தது. ஒலிபெருக்கியைப் போட்டேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அவரும் அதைத்தான் நினைத்திருப்பார், மேசையின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"சின்னண்ணை," என்றாள் மாலா. "வாய்க்கால் வெட்டினீங்களே?"

"ஓம். வெட்டினனான்."

"மண்ணை எந்தப் பக்கம் போட்டனீங்கள்?"

"உள்பக்கம். நீ சொன்னபடி."

"மழை பெஞ்சதே?"

"பெஞ்சது. நல்ல மழை."

"உள்ளுக்குத் தண்ணி வந்ததே?"

"இல்லை மாலா," என்றார் சிறீ. "ஒரு சொட்டும் வரேல்லை."

அந்தப் பக்கத்தில் அவள் மூச்சு விட்டது எங்களுக்குக் கேட்டது.

"அப்ப சரி," என்றாள்.